ஒன்பது கேரட் இந்துஜா

"மாலை இருபத்திரண்டு கேரட்டுங்க, சுத்தம். பொண்ணு ஒன்பது," அப்படின்னு மதிப்பீட்டாளர் சென்னியப்பன் உரைகல்லைத் துணியால துடைச்சுக்கிட்டே சொன்னாரு. இந்துஜாவுக்கு அந்த வாரம் கெட்டுப்போனது சரியா அந்த இடத்துலதான்.

கோயமுத்தூர்ல நிச்சயத்துக்கு முன்னாடி ரெண்டு பொருத்தம் பாக்கணும். பொண்ணு ஜாதகத்துக்கும் மாப்பிள்ளை ஜாதகத்துக்கும் ஒண்ணு, நகைக்கும் கழுத்துக்கும் ஒண்ணு. ஜாதகம் பொருந்தலைன்னா ஏதாச்சும் கோயில்ல பரிகாரம் பண்ணிக்கலாம். கழுத்து பொருந்தலைன்னா மாலை வேற கழுத்துக்குப் போயிடும். நகை இருபத்திரண்டா இருந்தா கழுத்து பதினெட்டாவது இருக்கணும். இல்லைன்னா குடும்பத்துல கல்யாணமாகாத பொண்ணு வேற யாருக்கு மாத்து, அதாவது தங்கத்தோட தரம், சரியா இருக்கோ, அவங்க அதைப் போட்டுக்குவாங்க. மாலையைப் போட்டவங்கதான் மாப்பிள்ளை பக்கத்துல உட்காரணும். மண்டபத்து வாசல்ல சான்றிதழைப் பாத்துட்டுத்தான் உள்ள விடுவாங்க.

இந்துஜா எதிர்பார்த்து வந்தது வேற. அவ ஆர்வமான பொண்ணு. போன வருஷத்துல மட்டும் பானை செய்யக் கத்துக்கிட்டா, சைக்கிள் குழுவுல சேர்ந்தா, விடியறதுக்குள்ள எந்திரிச்சுப் பறவை பாக்கக் குளத்துக்குப் போனா, மொட்டை மாடியில காளான் வளத்தா. காளான் ஒண்ணே ஒண்ணு முளைச்சுது. அதுவும் அவ பையில முளைக்கல, பக்கத்து வீட்டுச் செவுத்துல முளைச்சுது. ஆனாலும் அதைப் படம் எடுத்து "என் முதல் அறுவடை"ன்னு போட்டா. அப்பேர்ப்பட்டவ கழுத்துப் பொருத்தம்னு கேட்டதும் சும்மா இருப்பாளா? வியாழக்கிழமை காலையில வீட்டை விட்டுக் கிளம்பறப்பவே வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல "இருபத்திரண்டா இருபத்திநாலா? காத்திருங்கள்"னு வெச்சுட்டா. இப்ப அதை எழுபத்தோரு பேர் பாத்துட்டுக் காத்துக்கிட்டு இருந்தாங்க. அதுல நவநீதனும் ஒருத்தன். ஞாயித்துக்கிழமை அவ பக்கத்துல உட்கார வேண்டியவன். அவன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டற பொம்மை ஒண்ணை அனுப்பியிருந்தான்.

"அண்ணா, இன்னொருக்கா தேய்ச்சுப் பாருங்க," அம்மா பூங்கொடி சொன்னாங்க. "நாங்க கழுவித்தானுங்க கூட்டிட்டு வந்தோம்."

தப்பே அங்கதான் நடந்திருந்துச்சு. நகையை மதிப்புக்குக் கொண்டுபோறதுக்கு முந்தின நாள் பூந்திக்கொட்டைத் தண்ணியில ஊற வெச்சு, பழைய பல்லு பிரஷ்ஷால தேய்க்கறது பூங்கொடி குடும்பத்து வழக்கம். புதன்கிழமை சாயங்காலம் மாலையை ஒரு கிண்ணத்துலயும் இந்துஜாவை ஒரு அண்டாவுலயும் ஊற வெச்சு, ரெண்டையும் ஒரே பிரஷ்ஷால தேய்ச்சு, ரெண்டையும் ஒரே துண்டுல ஒத்தி எடுத்திருந்தாங்க.

"அழுக்கோட வந்திருந்தா நானும் பதினெட்டுன்னு போட்டு அனுப்பியிருப்பனுங்க," சென்னியப்பன் சொன்னாரு. "இத்தனை பளிச்சுன்னு கழுவிட்டு வந்தா நான் என்ன பண்றது? எங்க பாத்தாலும் ஒட்டாத் தெரியுது."

நகையில ரெண்டு துண்டு சேர்ற இடத்துல பொடி வெச்சு ஊதி ஒட்டுவாங்க. அந்தப் பொடியில தங்கம் கம்மி. ஒட்டு கூடக்கூட மாத்து இறங்கிக்கிட்டே போகும். ஆளுங்களுக்கும் அதே முறைதான். பொறந்தப்ப இருந்தது வார்ப்பு. அடுத்தவங்ககிட்ட இருந்து எடுத்து வெச்சுக்கிட்டது ஒட்டு.

சென்னியப்பன் பூதக்கண்ணாடியைக் கண்ணுல மாட்டிக்கிட்டு இந்துஜாவை ஒரு சுத்து சுத்தி வந்தாரு.

"சிரிங்க பாக்கலாம்."

இந்துஜா சிரிச்சா. மூணு தடவை விட்டு விட்டு, கடைசியில மூக்கால ஒரு இழுப்பு.

"இது யாரோடதுங்க?"

"என்னோடதுதான்."

"பத்தாவது படிக்கறப்ப ஒட்டினது. பொடி நல்லாத் தெரியுது பாருங்க."

"வைஷாலியோடது," அம்மா எடுத்துக் குடுத்தாங்க. வைஷாலி இந்துஜாவோட சித்தி பொண்ணு. ஒரே வயசு, ஒரே ஸ்கூல். போன மாசம் ஒரு வளையலுக்காகப் பரிசோதனை பண்ணப்ப அவளுக்கு இருபது வந்திருந்துச்சு.

"ஆக்சுவலா அது என்னன்னா..." இந்துஜா ஆரம்பிச்சா.

"அதுவும் ஒட்டுதானுங்க. அந்த ஆக்சுவலா யாருது?"

இந்துஜா ஒத்துக்கிட்டா. "டீம் லீடோடது."

இப்படியே ஒவ்வொண்ணா வந்துச்சு. சர்க்கரை இல்லாத காப்பி ஹாஸ்டல் தோழியோடது. படம் பாத்துட்டு "முதல் பாதி ஓகே, ரெண்டாம் பாதி இழுவை"ன்னு சொல்றது, படம் பாக்கறதுக்கு முன்னாடியே சொல்றது உட்பட, யூடியூப்ல விமர்சனம் பண்ற ஒருத்தரோடது. யோசிக்கறப்ப பேனா மூடியைக் கன்னத்துல தட்டறது எட்டாங்கிளாஸ் கணக்கு டீச்சரோடது. மழைன்னா உயிர்ங்கறது யாரோடதுன்னு சென்னியப்பனாலயே கண்டுபிடிக்க முடியல.

"அது எல்லார்கிட்டயும் இருக்குதுங்க. முதல்ல யாரு வெச்சிருந்தாங்கன்னே தெரியல. அந்தத் தட்டுல போட்டுட்டுப் போங்க."

தட்டு ஏற்கனவே நிறைஞ்சு வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. இந்துஜா தன்னோடதையும் மேல வெச்சு அமுக்கினா.

"என் கோபம் இருக்கே சார்? அதாச்சும்?"

"அது வார்ப்புலயே வந்தது," சென்னியப்பன் அம்மாவைப் பாத்துச் சொன்னாரு. "நல்ல அச்சு."

அம்மா முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாங்க.

"ஆர்வம்? பானை, காளான், பறவையெல்லாம்?"

"ஆர்வம் உங்களோடதுதான். ஆனா அது தங்கத்துல சேராதுங்க. அரக்கு. உள்ள குழலா இருக்கற நகைக்கு நசுங்காம இருக்க அரக்கு அடைப்பாங்கல்ல, அந்த மாதிரி. உங்களுக்குக் கழுத்து வரைக்கும் அடைச்சிருக்குது. எடையில கழிச்சிடுவேன். ஆனா எடுக்க மாட்டேன், எடுத்தா நசுங்கிருவீங்க."

கடைசியா அவரு பூதக்கண்ணாடியைக் கழுத்துக்குக் கீழ, எலும்பு சேர்ற குழியில வெச்சுப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு.

"இங்க ஒண்ணு இருக்குது. புதுசு. ஆறு மாசம் இருக்கும்."

"அது நவநீதன் மேல எனக்கு இருக்கற பிரியம்."

"அதேதான். இதுவும் அந்த வைஷாலிகிட்ட இருந்து எடுத்ததுதானுங்க."

உண்மைதான். நவநீதன் போட்டோ வந்த அன்னிக்கு இந்துஜா அதைப் பாத்துட்டு "ம்"னு மட்டும் சொல்லி டீப்பாய் மேல வெச்சுட்டா. வைஷாலிதான் எடுத்து வெளிச்சத்துல திருப்பிப் பாத்துட்டு, "ஏய், காது அழகா இருக்குடி இவனுக்கு"ன்னு சொன்னா. அதுக்கப்பறம் இந்துஜா அந்தக் காதைப் பாத்தா. பாத்துக்கிட்டே இருந்தா. ஒரு வாரத்துல, அதைக் கண்டுபிடிச்சதே தான்தான்னு நாலு பேர்கிட்ட சொல்லியும் ஆச்சு.

"எல்லாத்தையும் அவங்கவங்ககிட்ட திருப்பிக் குடுத்துட்டு, கையெழுத்து வாங்கிக்கிட்டு, சனிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள வாங்க," சென்னியப்பன் சொன்னாரு. "மறுபடியும் தேய்ச்சுப் பாக்கறேன்."

"இதையுமா?" இந்துஜா கழுத்துக் குழியைக் கையால மூடிக்கிட்டா.

"ஒட்டுன்னா ஒட்டுதானுங்க."

வெளிய வந்ததும் அம்மா கேட்டாங்க, "ஏங்கண்ணு, அந்த ஸ்டேட்டஸை எடுத்துட்டியா?"

எடுத்துட்டா. அதுக்குள்ள எண்பத்தாறு பேர் பாத்திருந்தாங்க.

முதல்ல சரவணம்பட்டியில இருக்கற ஆபீசுக்குப் போனா. டீம் லீடு கோகுல்நாத் ஆக்சுவலாவை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பாத்துட்டு மேசை டிராயர்ல வெச்சுக்கிட்டாரு.

"ரெண்டு வருஷமாத் தேடிட்டு இருந்தேன்," அவரு சொன்னாரு. "மீட்டிங்கை எதை வெச்சு ஆரம்பிக்கறதுன்னே தெரியாம, நேரா விஷயத்துக்குப் போயிட்டு இருந்தேன். டீம்ல எல்லாருக்கும் கஷ்டம்." கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு.

திரும்பக் கிளம்பறப்ப ஹெல்மெட் தோள் வரைக்கும் இறங்கிடுச்சு. ஒரு பொருளைக் குடுத்தா எடையும் அளவும் குறையத்தானே செய்யும். இந்துஜா வண்டியை ஆபீஸ்லயே விட்டுட்டு பஸ்ஸுல வந்தா. யூடியூப்காரருக்கு அவரோட வீடியோவுக்குக் கீழயே கமெண்டுல திருப்பிக் குடுத்தா. அவரு ஒரு லைக் போட்டு வாங்கிக்கிட்டாரு. அதோட பஸ் ஜன்னல் எட்டல. சர்க்கரை இல்லாத காப்பியைப் பார்சல் சர்வீஸ்ல ஈரோட்டுக்கு அனுப்பினா. கணக்கு டீச்சர் ரிட்டயர் ஆகி வீட்டுல இருந்தாங்க. பேனா மூடியைக் கன்னத்துல ரெண்டு தட்டு தட்டிப் பாத்துட்டு, "அப்படியே வெச்சிருக்கியேம்மா"ன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டாங்க. டீச்சர் வீட்டுப் படியை இந்துஜாவால இறங்க முடியல. கூட வந்திருந்த அம்மா இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டாங்க.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பீளமேட்டுல வைஷாலி வீட்டுக்குப் போனாங்க. வைஷாலி கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு இருந்தா. கட்டில் மேல புது ரவிக்கைத் துணி விரிச்சுக் கிடந்துச்சு.

"வாங்க பெரிம்மா. வாடி. உன் அளவு என்னடி இது, டேபிள் ஃபேன் அளவுக்கு ஆயிட்ட?" வைஷாலி சொன்னா. "நான் உனக்குத்தான் போன் பண்ண இருந்தேன். ஞாயித்துக்கிழமை நான் வந்து உட்காரணுமா, வேண்டாமா? தையக்காரர் காலையில இருந்து கேட்டுட்டே இருக்காரு. கை வெக்கறதா வேண்டாமான்னு அவருக்கு இன்னிக்குச் சொல்லணும்."

"இன்னும் ஒரு நாள் இருக்குது," அம்மா சொன்னாங்க.

"எனக்கு ஒண்ணும் ஆசையில்ல பெரிம்மா. கூப்பிட்டா வரணுமில்ல, அதுக்குத்தான்." சொல்லிட்டு ரவிக்கைத் துணியைத் தோள்ல போட்டுப் பாத்தா. அவளுக்கு நல்லாத்தான் இருந்துச்சு.

இந்துஜா சிரிப்பை எடுத்துக் குடுத்தா. வைஷாலி வாங்கிச் சிரிச்சுப் பாத்தா. மூணு தடவை விட்டு விட்டு, கடைசியில மூக்கால ஒரு இழுப்பு.

"இழுப்பு நீளமாயிடுச்சேடி. போட்டு ரொம்ப இழுத்துட்ட போல."

"பத்து வருஷம் ஆச்சுல்ல."

"சரி, பரவால்ல." வைஷாலி கையெழுத்துப் போட்டா. போட்டுட்டுப் பேனாவைக் கையிலயே வெச்சுக்கிட்டு, "வேற ஏதாச்சும் என்னோடது இருக்கா?"ன்னு கேட்டா.

இந்துஜா இப்ப தண்ணி டம்ளர் உயரம். கட்டில் ஓரத்துல, அம்மா கொண்டுவந்திருந்த நகைப் பெட்டி பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தா. பெட்டி திறந்து கிடந்துச்சு. ரோஸ் காகிதத்துல மாலை சுருண்டு கிடந்துச்சு. அந்த உயரத்துல இருந்து பாத்தா மாலையோட ஒவ்வொரு கண்ணியும் அவ தலை அளவுக்கு இருந்துச்சு. ஆறு மாசமா அதைக் கழுத்துல வெச்சு வெச்சு செல்ஃபி எடுத்தவ, அன்னிக்குத்தான் முதல் தடவையா அதை ஒழுங்காப் பாத்தா. கொக்கி சேர்ற இடத்துல பச்சையா ஒரு கோடு தெரிஞ்சுது. ஒட்டு.

இருபத்திரண்டு கேரட், சுத்தம்னு எழுதிக் குடுத்த மாலையில ஒட்டு.

"ஒண்ணு இருக்குது," இந்துஜா சொன்னா. "ஆனா குடுக்க மாட்டேன்."

"எது?"

"காது."

வைஷாலி புரிஞ்சுக்கிட்டா. ரவிக்கைத் துணியை மடிச்சு வெச்சா. "நான்தான முதல்ல பாத்தேன்."

"நீ பாத்துட்டு வெச்சுட்ட. நான் வெச்சுட்டுப் பாத்தேன்."

"இப்படிப் பேசறது யாருகிட்ட எடுத்ததுடி?"

"தெரியல. இப்பத்தான் வருது."

"சென்னியப்பன் ஒத்துக்க மாட்டாருடி. உனக்கு மாத்து ஏறாது. அப்பறம் நான்தான் உட்காரணும்."

"கேட்டுப் பாக்கறேன்."

சனிக்கிழமை பதினொன்னே முக்காலுக்கு அம்மா நகைப் பெட்டியை சென்னியப்பன் மேசை மேல வெச்சுத் திறந்தாங்க. ஒரு பக்கம் மாலை, ஒரு பக்கம் இந்துஜா. இந்துஜா காகிதத்துல இருந்து இறங்கி, உரைகல் மேல தானே நடந்துபோய், பெருவிரலால ஒரு கோடு இழுத்தா. சென்னியப்பன் ஒரு சொட்டு திராவகம் விட்டுப் பாத்தாரு. கோடு அப்படியே மஞ்சளா நின்னுச்சு.

"ஒண்ணைத் தவிர எல்லாம் போயிடுச்சு," அவரு சொன்னாரு. "அந்த ஒண்ணுக்குக் கையெழுத்து வாங்கலியேம்மா. அது இருக்கற வரைக்கும் பதினேழுதான் போட முடியும்."

பதினெட்டுக்கு ஒண்ணு குறைச்சல். அம்மா கடிகாரத்தைப் பாத்தாங்க. பன்னெண்டுக்குப் பத்து நிமிஷம்.

"சார், மாலையிலயும் ஒரு ஒட்டு இருக்கு," இந்துஜா சொன்னா. "கொக்கிகிட்ட. அதுக்கு எப்படி இருபத்திரண்டு போட்டீங்க?"

"கொக்கி ஒட்டை மாத்துல சேக்கறதில்லீங்க. காலங்காலமா அப்படித்தான். அது இல்லாம மாலையை மூட முடியாது."

"இதுதான் என் கொக்கி."

சென்னியப்பன் பூதக்கண்ணாடியை மாட்டிக்கிட்டு அந்தக் குழியில மறுபடியும் பாத்தாரு. ஒரு ஊசியால லேசா நெம்பிப் பாத்தாரு. இந்துஜா பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னா.

"ஆமாங்க," அவரு சொன்னாரு. "இதை எடுத்தா நீங்க மூட மாட்டீங்க." சான்றிதழ்ல பதினேழை அடிச்சுட்டு இருபத்திரண்டுன்னு எழுதினாரு.

அம்மா மூச்சு விட்டாங்க. இந்துஜாவுக்கு ஸ்டேட்டஸ் போடணும்னு கை பரபரன்னுச்சு. போன் அவளை விடப் பெருசா மேசையில படுத்துக் கிடந்துச்சு. அதுமேல ஏறி நின்னு ரெண்டு கையாலயும் "இருப" வரைக்கும் அமுக்கிட்டா. அதுக்குள்ள சென்னியப்பன் அவளைத் தூக்கித் தராசுத் தட்டுல வெச்சாரு.

"பதினோரு கிராம். அரக்கு நாலரை போக, ஆறரை கிராம்," அவரு வாசிச்சாரு. "மாலை நாப்பது கிராமுங்க. மாத்து சரி. கழுத்து எடை பத்தலை. மாலையை விட லேசான கழுத்துக்கு நான் பொருத்தம் எழுத முடியாது."

அம்மா போன் அடிச்சுது. வைஷாலி. தையக்காரர் கை வெக்க ஆரம்பிச்சுட்டாராம்.

"நிறுத்தச் சொல்லு," அம்மா சொல்லிட்டு போனை வெச்சாங்க. அப்பறம் சென்னியப்பன் பக்கம் திரும்பினாங்க. வார்ப்புல இருந்த கோபம் மெதுவா எந்திரிச்சு வந்துச்சு. "ஏனுங்கண்ணா. ஒட்டு இருந்தா மாத்து இல்லீங்கறீங்க. ஒட்டை எடுத்தா எடை இல்லீங்கறீங்க. எம் புள்ளை ஆறரை கிராம் சொக்கத் தங்கமா உங்க தட்டுல நிக்கறா. ஆறரை கிராமுக்கு உங்க நோட்டுல என்ன பேரு?"

சென்னியப்பன் நோட்டைப் புரட்டினாரு.

"பதக்கமுங்க," அவரு சொன்னாரு. "கழுத்துன்னு பதிஞ்சாத்தான் எடை பாக்கணும். நகைன்னு பதிஞ்சா வேண்டியதில்ல. மாலையில சேர்ந்த பதக்கம்னா மாலை எங்க போகுதோ அங்க போகும். சுமக்கற கழுத்து மட்டும் பதினெட்டு இருந்தாப் போதும், கல்யாணம் ஆனவங்களா இருந்தாலும் சரி."

அம்மா பெருவிரலை நீட்டினாங்க. சென்னியப்பன் தேய்ச்சுப் பாத்தாரு. இருபத்தொண்ணு வந்துச்சு.

"கழுவாமயேவா?" இந்துஜா தட்டுல இருந்து கேட்டா.

"நேத்து உனக்கு ஓடி ஓடி நான் எங்க குளிச்சேன்," அம்மா சொன்னாங்க.

பன்னெண்டு மணி அடிக்கறப்ப சென்னியப்பன் இந்துஜாவோட இடது குதிகாலைத் துடைச்சு, அதுல 916னு சின்னதா முத்திரை வெச்சாரு. முதுகுல ஒரு வளையம் மாட்டி, மாலையோட நடுவுல கோத்துக் குடுத்தாரு.

ஞாயித்துக்கிழமை மண்டபத்து வாசல்ல சான்றிதழைப் பாத்தாங்க, குதிகாலையும் பாத்தாங்க, உள்ள விட்டாங்க. மாலையைப் போட்டவங்கதான் மாப்பிள்ளை பக்கத்துல உட்காரணும்ங்கறதால அம்மா உட்கார்ந்தாங்க. வைஷாலி ஒரு கை வெச்ச, ஒரு கை இல்லாத ரவிக்கையோட முன் வரிசையில உட்கார்ந்திருந்தா.

நவநீதன் குனிஞ்சு மாலையைப் பாத்தான்.

"கொஞ்சம் இளைச்சுட்டீங்க போல," அவன் சொன்னான்.

"ரெண்டு நாளா அலைச்சல்," இந்துஜா சொன்னா.

பக்கத்துல பாத்தப்ப காது போட்டோவுல இருந்ததை விட ரொம்பப் பெருசா, ஒரு வாசல் மாதிரி இருந்துச்சு. இந்துஜாவுக்குச் சிரிப்பு வந்துச்சு. வைஷாலியோடதைக் குடுத்துட்டதால என்ன வரும்னு அவளுக்கே தெரியல. தும்மல் மாதிரி ஒண்ணு வந்துச்சு. "நல்லா இருங்க"ன்னான் நவநீதன். அதுதான் அவளோட சொந்தச் சிரிப்புன்னு அம்மா சொல்ல வேண்டியிருந்துச்சு.

மோதிரம் மாத்தற நேரம் வந்ததும் அம்மா மாலையைத் தூக்கிப் பிடிச்சுக் கையை நீட்ட, இந்துஜா அவனுக்கான மோதிரத்தை அம்மா கை மேல வண்டிச் சக்கரம் மாதிரி உருட்டிக்கிட்டே போய் அவன் விரல்ல ஏத்தினா. கூட்டத்துல எல்லாரும் அட்சதை போட்டாங்க. ஒரு அரிசி தலையில விழுந்து கொஞ்சம் வலிச்சுது. அப்பறம் நவநீதன் அவளுக்கான மோதிரத்தை எடுத்து, தலை வழியாப் போட்டு, தோளைத் தாண்டி இறக்கி, இடுப்புல நிறுத்தினான். அளவு எடுத்தது விரலுக்குத்தான். ஆனா ஒட்டியாணம் மாதிரி கச்சிதமா உட்கார்ந்துச்சு. துளி லூசு இல்ல.

உங்களுக்கு நிச்சய மோதிரம் எங்க போட்டாங்க? இடுப்புலதானே?